ஏழு பனிமலையும் ஓர் அக்கறையின்மைச் சான்றிதழும்

எடை அளவுத் துறையில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தும் தன்மேல் ஒரு புகார்கூட விழாத ஒரே மனிதர் படிக்கல்தான். அது அவருடைய நேர்மைக்குக் கிடைத்த பெயரா, அவர் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாததால் வந்த விளைவா என்று துறை இன்னும் முடிவு செய்யவில்லை. கடைகளிலிருந்து வரும் எடைக்கற்களைச் சரிபார்த்து அடியில் முத்திரை குத்துவது அவர் வேலை. வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறவர் என்பதால் அவருக்கே படிக்கல் என்று பேராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது.

ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது இந்த மனிதருக்குத்தான் துறையின் முதல் நல்வாழ்வுப் பரிசு விழுந்தது. வெளிநாட்டில் ஒரு வாரம் பனிச்சறுக்கு விடுமுறை, தொடக்கநிலை, ஒருவருக்கு மட்டும்.

பனிச்சறுக்கு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கும் இயக்குநர் மேடையில் பதில் சொன்னார்.

"நம்ம துறை சமநிலைத் துறை. தராசு முள்ளு நடுவுல நிக்கிறதுதான் நம்ம உயிர். ஆனா நாற்காலியில உக்காந்து உக்காந்து நம்ம ஆளுங்களுக்குச் சமநிலையே மறந்துபோச்சு. போன வருஷம் வெளிநாட்டுக் கருத்தரங்குல, எல்லாரும் உள்ள பேசிட்டு இருக்காங்க, நான் ஜன்னல் வழியா வெளிய பார்த்துட்டு இருக்கேன். சின்னக் குழந்தைங்க பனியில சறுக்குதுங்க, விழுதுங்க, எழுந்திருக்குதுங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நம்ம ஊழியர் ஒருத்தராவது அப்படி விழணும்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். படிக்கல்லும் தட்டினார். விழப்போவது தாம்தான் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு அவர் முழங்கால்களைப் பார்த்தாள்.

"மாடிப்படி ஏறவே கைப்பிடி வேணும் உங்களுக்கு. இவரு மலையில சறுக்கப் போறாராம்!" என்றாள். பிறகு அவள் குரல் மாறியது. "ஏங்க, அவ வேலை பார்க்கறதும் பனிமலைதானே?"

அவள் என்றால் மகள். அந்த வீட்டில் ஆறு வருஷமாக அவளுக்கு அதுதான் பெயர்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் படிக்கல் எட்டு மாதம் ஒவ்வோர் அதிகாரியின் வாசலிலும் தவம் கிடந்து, மகளுக்குத் தம் துறையிலேயே ஒரு தட்டச்சர் நாற்காலி வாங்கிக் கொடுத்தார். அவள் ஒரே ஒரு நாள் போனாள். சாயங்காலம் வந்து, "அப்பா, அங்க ஒருத்தர் பென்சிலைச் சீவி, மிச்ச நீளத்தை அளந்து நோட்டுல எழுதிட்டிருக்காரு" என்றாள். "ஆமா, அது தேய்மானப் பதிவேடு" என்றார் இவர். அவள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. மறுநாள் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டாள்.

அவள் பெட்டியோடு கிளம்பிய அன்று படிக்கல் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். "போனா போனதுதான். எனக்குப் பொண்ணே இல்லைன்னு எழுதி வெச்சுக்கறேன்."

அவள் போய்விட்டாள். எங்கேயோ ஒரு தேசத்தில், ஒரு பனிமலை அடிவாரத்தில், புதிதாகச் சறுக்க வருகிறவர்களுக்குப் பூட்ஸ் மாட்டிவிடும் வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவிடம் பேசுவாள். அந்த நேரத்தில் படிக்கல் பக்கத்து அறையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, திருப்பாத ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படிப்பார். சொன்னது தப்பு என்பது பஸ் மறைவதற்குள்ளேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கத்தான் ஆறு வருஷமாக முடியவில்லை.

"ரெண்டு வார்த்தை பேச ஏழு கடல் தாண்டணுமா? இதோ போன்" என்று மனைவி எத்தனையோ முறை நீட்டியிருக்கிறாள்.

"நேர்ல சொன்னது அது. நேர்லதான் திரும்ப எடுத்துக்கணும்" என்பார் அவர். எடை போட்ட தராசிலேயே சரிபார்க்க வேண்டும் என்பது தொழில் தர்மம்.

ஆகவே அந்தப் பரிசு அவருக்குப் பரிசாகப் படவில்லை, தெய்வமே வழிவிட்டதாகப் பட்டது. மனைவிக்கோ ஆனந்தம் அடங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மகளிடம் சொல்லிவிட்டாள். மகள் உடனே கேட்டாளாம்: "அப்பா கால் சைஸ் என்னம்மா? நல்ல ஜோடியா ஒண்ணு எடுத்து வெச்சுடறேன். மார்ச் கடைசி வரைக்கும்தான் எனக்கு இங்க வேலை, அதுக்குள்ள வரச் சொல்லு."

அன்று படிக்கல் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே! பூசாரிகள் மூன்று பேர் இருந்தார்கள். இயக்குநர், குழுச் செயலாளர் அம்மாள், பிறகு தொழில்நுட்ப அதிகாரி. இந்த மூன்றாமவர் மணி கேட்டால்கூடப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் சொல்வார். அவருக்குத் தசமம் என்று பெயர். இம்மூவரும் சேர்ந்ததுதான் வெளிநாட்டுத் தொடக்கநிலைப் பனிச்சறுக்கு இடத் தேர்வுக் குழு.

குழு முதலில் ஒற்றைப் பலகையில் சறுக்குவதா, இரட்டைப் பலகையிலா என்பதை மூன்று கூட்டங்களில் விவாதித்தது. தராசுக்கு இரண்டு தட்டு இருப்பதால் இரட்டைப் பலகையே துறையின் மரபுக்கு ஏற்றது என்று முடிவாயிற்று. அதன்பின் படிக்கல்லுக்குப் பதினாறு பக்கப் படிவம் வந்தது. பதினான்காம் கேள்வி: 'விரும்பும் இடம், காரணத்துடன்.' முத்திரை குத்துகிற கை பொய் எழுதாது. மலையின் பெயரை எழுதி, 'என் மகள் அங்கே இருக்கிறாள்' என்று காரணமும் எழுதிவிட்டார்.

மறுநாளே அழைப்பு வந்தது. செயலாளர் அம்மாள் படிவத்தை விரல் நுனியில் பிடித்திருந்தார்.

"என்னங்க இது? சொந்த விருப்பத்தைப் போய் எழுதியிருக்கீங்க!"

"விரும்பும் இடம்னு கேட்டிருந்துச்சுங்கம்மா."

"கேப்போம். கேக்கறது எங்க கடமை. அதுக்காக விரும்பிடறதா?"

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "ஒருத்தர் ஆசைப்பட்ட இடத்துக்கே அவரை அனுப்பிட்டா, அப்புறம் தேர்வுன்னு ஒண்ணு எதுக்கு? குழு எதுக்கு? நான் எதுக்கு?"

கடைசிக் கேள்வி துறையில் பலருக்கும் இருந்தது. படிக்கல் கேட்டது ஒன்றுதான். அந்த மலையும் போட்டியில் இருக்குமா?

"இருக்கும். உங்களுக்கு அதுல அக்கறை இல்லைன்னா இருக்கும்" என்றார் செயலாளர் அம்மாள். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அக்கறையின்மைச் சான்றிதழ் என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. 'மேற்படி மலையிலோ, அம்மலையைச் சார்ந்த எந்த நபரிடத்திலோ எனக்கு எவ்வித அக்கறையோ, பற்றோ, உறவோ, விருப்பமோ இல்லை என்றும், இனி ஏற்படாது என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'

உறவோ என்ற சொல்லருகே படிக்கல்லின் பேனா நின்றது.

"ஃபைலுக்குத்தாங்க. போடுங்க."

ஃபைலுக்கு எழுதுவது வேறு, நிஜம் வேறு என்பது அந்தக் கட்டடத்தில் கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் தெரிந்த பாடம். ஃபைலில் அந்தக் கட்டடத்து லிஃப்ட் பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் படியேறித்தான் போகிறார்கள். அதில் யாருக்கும் எந்த முரண்பாடும் தெரிந்ததில்லை. படிக்கல்லும் கையெழுத்துப் போட்டார். மூன்று பிரதிகளிலும் போட்டார்.

அத்தோடு விடவில்லை. பாரபட்சம் தலைகாட்டாதிருக்க எல்லா மலைகளின் பெயர்களையும் ஓர் உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். அன்றிலிருந்து அவை இடம் ஒன்று, இடம் இரண்டு என ஏழு வரைக்கும் எண்கள் ஆயின. படிக்கல் தம் மகளின் மலை எந்த எண் என்று அறிவிப்புப் பலகையில் வரும் குறிப்புகளிலிருந்து ஊகிக்கப் பார்த்தார். 'இடம் 4: சரிவு மென்மையானது. பயிற்றுநர் பொறுமைசாலி. காலணிக் கடை சுத்தமானது.' அவருக்கு நான்கின்மேல் கண் விழுந்தது. சுத்தம் அவள் அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்தது.

ஜனவரியில் தசமம் ஒரு சிக்கலைக் கிளப்பினார். தொடக்கநிலையினர் விழுவது உறுதி. விழுந்தால் அடிபடாமலிருக்கப் பனி மென்மையாக இருக்கவேண்டும். மென்மையான பனி எடை குறைவு. ஆகவே ஏழு இடத்துப் பனியையும் லிட்டருக்கு இவ்வளவு என்று நிறுத்துப் பார்க்காமல் துறை எப்படி ஒரு முடிவுக்கு வரமுடியும்? நியாயம்தானே! ஏழு மலைகளுக்கும் கடிதம் போயிற்று. ஒரு மாதத்தில் ஏழு புட்டிகள் தபாலில் வந்து சேர்ந்தன.

புட்டிகளில் தண்ணீர் இருந்தது.

"பனின்னு எழுதியிருக்கே" என்றார் இயக்குநர்.

"சீட்டுல பனின்னு இருக்கறவரைக்கும் துறைக்கு அது பனிதான் சார்" என்றார் தசமம்.

துறையிலேயே நுட்பமான தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து வெளியே வந்தது. மின்விசிறிகளை நிறுத்தினார்கள். ஒவ்வொரு புட்டியிலிருந்தும் ஒரு லிட்டர் எடுத்து நிறுத்தார்கள். ஏழும் ஒரே எடை. மறுபடி நிறுத்தார்கள். ஒரே எடை. இப்படி ஓர் அதிசயத்தைத் தம் இருபத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை என்று தசமம் குறிப்பெழுதினார். எடைக்கற்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த படிக்கல்லுக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் புகாரில்லாத இருபத்தொன்பது வருஷம் அந்த வாயை மூடியிருந்தது.

ஏழு இடங்களும் சமம் என்று தராசே தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகு ஒரே வழிதான் மிஞ்சியது. குழு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

"நாங்க ஆசைப்பட்டா போறோம்?" என்றார் இயக்குநர், வழியனுப்பு விழாவில். "எங்க மூணு பேருக்கும் சறுக்கத் தெரியாது. தெரியாதவங்க போய்ப் பார்த்தாத்தான் தெரியாதவங்களோட கஷ்டம் தெரியும். உங்கள்ல ஒருத்தர் விழப்போறதுக்காக, ஏழு நாட்டுல நாங்க விழுந்துட்டு வரோம். இது தியாகம்னு நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லலாம்."

பிப்ரவரியும் மார்ச்சில் பாதியும் குழு விழுந்துகொண்டிருந்தது. படிக்கல் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு வேலை முடிய இன்னும் பதினைந்து நாள். இரவல் வாங்கிய கம்பளிச் சட்டை மடித்தபடி அலமாரியில் இருந்தது. மனைவி தினமும் கேட்பாள், "சொல்லிட்டாங்களா?" இவர் தினமும் தலையை ஆட்டுவார்.

மார்ச் பதினேழாம் தேதி குழு திரும்பியது. இயக்குநர் முகம் பனிவெயிலில் கறுத்து மினுமினுத்தது. தசமம் இடது கையில் மாவுக்கட்டோடு வந்து, தாம் விழுந்த சரிவின் கோணத்தைப் பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னார். மறுநாள் விளக்கக் கூட்டம். கடைசி வரிசையில் படிக்கல் உட்கார்ந்திருந்தார். செயலாளர் அம்மாள், குழு கடைசியாகப் போய்ப் பார்த்த இடம் நான்குக்கு வந்தார்.

"இந்த இடத்துலதான் குழுவோட நேர்மைக்கே ஒரு சோதனை வந்துச்சு. பூட்ஸ் கடையில ஒரு பொண்ணு. நம்ம பாஷைக்காரி. நாங்க எந்தத் துறைன்னு தெரிஞ்சதும் தலைதெறிக்க ஓடி வந்தா. எங்க பின்னாடி எட்டி எட்டிப் பார்த்தா, இன்னும் யாரோ வராங்கங்கற மாதிரி. மூணு பேர்தான்னு சொன்னோம். சரின்னு எங்களுக்கு உக்கார வெச்சு பூட்ஸ் மாட்டிவிட்டா. சூடா பால் கொண்டுவந்து கொடுத்தா. டைரக்டர் சாரோட காலைத் தன் மடியிலேயே வெச்சு தேய்ச்சு விட்டா, மரத்துப்போச்சுன்னு."

"நல்லாத் தேய்ச்சா" என்றார் இயக்குநர்.

"அப்புறம்தான் கேக்கறா, எங்க அப்பா எப்ப வராருன்னு. எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு, இது செல்வாக்கு முயற்சின்னு. இடத் தேர்வு ரகசியம்மா, சொல்லக்கூடாதுன்னேன். அழ ஆரம்பிச்சுட்டா. வர ஆசை இருக்கான்னாவது சொல்லுங்கன்னா. குழு எதையும் மறைக்கறதில்லையே! ஃபைல் கையில இருந்துச்சு. சான்றிதழை எடுத்து அவ கையிலயே கொடுத்துட்டேன். படிச்சுப் பார்த்துட்டு, நன்றிங்கன்னு திருப்பிக் கொடுத்தா. நல்ல பொண்ணுதான். ஆனா விதி விதிதானே. தேவைக்கு மீறி உபசரிச்ச காரணத்தால இடம் நாலு தகுதி நீக்கம்."

கூட்டம் கை தட்டியது.

படிக்கல் எழுந்து நின்றார். அந்தக் கட்டடத்தில் இருபத்தொன்பது வருஷத்தில் யாரும் கூப்பிடாமல் அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"அம்மா... அவ எப்படி இருக்கா? இளைச்சுப் போயிருக்காளா?"

செயலாளர் அம்மாள் தசமத்தைப் பார்த்தார். தசமம் குறிப்பேட்டைப் புரட்டினார்.

"எடை பார்க்கலையே" என்றார்.

படிக்கல் பாதி நாள் விடுப்புக்கூட எழுதிக் கொடுக்காமல் வீட்டுக்கு ஓடினார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டப்படவில்லை.

"காலையில கூப்பிட்டா" என்றாள். "அப்பா எழுதி வெச்சுக்கறேன்னு சொன்னாருல்ல, எழுதியே வெச்சுட்டாரும்மான்னா. என்னடி உளர்றேன்னேன். கையெழுத்து எனக்குத் தெரியாதாம்மான்னா. என்ன எழுதிக் கொடுத்தீங்க?"

"ஃபைலுக்கு..." என்றார் படிக்கல். ஃபைலுக்கு எழுதியதை நிஜமென்று படிக்கிற ஆள் அந்தத் துறையில் ஒருவருமில்லை. அவள் அங்கே ஒரே ஒரு நாள்தான் வேலை பார்த்தவள், பாவம், அந்தப் பாடம் நடத்துவதற்கு முன்பே போய்விட்டாள்.

ஆறு வருஷத்தில் முதல் முறையாக அவரே போனை எடுத்தார். மணி அடித்தது, நின்றது. மறுபடி அடித்தார். நாலு நாள் அடித்தார். ஐந்தாம் நாள் மணியும் அடிக்கவில்லை. மனைவி எப்படியோ அந்தக் கடையின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். வேலை முடியக் காத்திராமல் மகள் கணக்கைத் தீர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்றும், எங்கே போனாள் என்று தெரியாதென்றும் சொன்னார்கள். அதற்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் செய்தித்தாளின் பக்கம் ஒழுங்காகத் திரும்பியது.

மே மாதம் ஆணை வந்தது. ஐந்து மாத ஆய்வில் நாற்பத்திரண்டு அம்சங்களை ஒப்பிட்ட குழு, அந்த மாதத்தில் பனி மிச்சமிருப்பது ஆறாம் இடத்தில் மட்டும்தான் என்று கண்டுபிடித்து அதையே தேர்ந்தெடுத்திருந்தது.

படிக்கல் செயலாளர் அம்மாளிடம் போனார். "எனக்கு வேண்டாங்கம்மா. வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

"நல்வாழ்வை மறுக்கறது ஒழுங்கீனம்" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "ரிட்டயர் ஆகற நேரத்துல உங்க பேர்ல முதல் புகாரை நானே எழுதணுமா? சந்தோஷமா போயிட்டு வாங்க. போய்த்தான் ஆகணும்."

துணைக்கு, அதாவது மேற்பார்வைக்கு, மாவுக்கட்டு பிரித்த தசமம் வந்தார். இரண்டு விமானம், ஒரு பஸ், பிறகு எங்கு பார்த்தாலும் வெள்ளை. படிக்கல் எதையும் பார்க்கவில்லை. சொன்ன இடத்தில் ஏறினார், சொன்ன இடத்தில் இறங்கினார்.

ஆறாம் இடத்திலும் பூட்ஸ் கடை ஒன்று இருக்கத்தானே செய்யும்! பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மகளின் வயதில் ஒரு பெண் வந்து அவர் முன்னால் மண்டியிட்டாள். வேறு நிறம், வேறு தலைமுடி, வேறு பாஷை. அவர் குதிகாலைக் கையில் ஏந்திப் பூட்ஸுக்குள் இறக்கி, மேல்வாரை இழுத்து மாட்டிவிட்டு, சரியாக இருக்கிறதா என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பு என்னுதும்மா" என்றார் படிக்கல். "மனசுல இருந்து சொல்லலை. ரெண்டு தடவையும் மனசுல இருந்து சொல்லலை."

அவர் தாடையெல்லாம் நனைந்திருந்தது. அந்தப் பெண் பதறிப்போனாள். கால் வலிக்கிறது என்று நினைத்து, வாரின் கொக்கியை அவசரமாக இரண்டு பல் தளர்த்திவிட்டாள்.

பின்னால் நின்ற தசமம் நேரத்தைக் குறித்துக்கொண்டு அறிக்கையில் எழுதினார்: 'சறுக்கத் தொடங்குமுன்பே பயனாளி ஆனந்தக் கண்ணீர் வடித்தார். இடத் தேர்வு மிகச் சரி.'